பெல்ட் அறுந்தால் விதவை என்ன செய்வாள்?

நமது நாட்டில் ஒரு இயந்திரம் கெட்டுப்போனால் அதற்கு இரண்டு இடங்களில் வைத்தியம் நடக்கிறது. ஒன்று பட்டறை, மற்றொன்று ஜோசியன் வீட்டுத் திண்ணை. பட்டறைக்காரன் கெட்டுப்போன சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுச் சாமானைப் போட்டுப் பணம் வாங்கிக் கொள்ளுகிறான். ஜோசியனோ கெட்டுப்போகாத ஒரு மனிதரைக் காட்டி, "இவரால்தான் கெட்டது" என்று சொல்லிப் பணம் வாங்கிக் கொள்ளுகிறான். "ஏன் கெட்டது?" என்று கேட்கிறவன் மாத்திரம் அந்த இடத்திலும் இல்லை, இந்த இடத்திலும் இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததனால் ஒரு குடும்பம் ஒரு வருஷ காலம் பட்ட கஷ்டத்தையும், அக்குடும்பத்தில் ஒரு குற்றமும் செய்யாத பெண் ஒருத்தி பட்ட அவமானத்தையும் எடுத்துக்காட்ட வேண்டும் என்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சங்கதி இதுதான். சேலத்தில் எனக்கு நெருங்கிய தோழர் ஒருவர் இருக்கிறார். மளிகை வியாபாரி. நமது கொள்கையுடையவர். புரோகிதனில்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்து கொண்டவர். வீட்டில் தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயாரின் தம்பியான மாமா, புருஷனை இழந்து தாய் வீட்டில் இருக்கும் தங்கை, அத்தங்கையின் பெண் குழந்தை, தோழர் ஆக 8 பேர். இந்த 8 பேரும் ஒன்றாய்ப் போய்வருவதற்கென்று பழைய டீசல் வேன் ஒன்றை அவர் வாங்கி வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் அது கடைக்குச் சரக்கு ஏற்றும். கலியாணம், கருமாதி, மலை, ஊர் என்று வந்தால் குடும்பத்தை ஏற்றும்.

இந்த வேனில் ஒரு வருஷத்திற்குள் நான்கு தடவை இன்ஜின் பெல்ட் அறுந்துபோயிற்று. நம்மவர்கள் பேன் பெல்ட் என்று சொல்லுகிறார்களே, அதுதான்.

முதல் தடவை ஒரு கலியாணத்திற்குப் போய் இரவில் திரும்பும்போது ஆத்தூருக்குப் பக்கத்தில் அறுந்தது. இரண்டாவது தடவை ஏற்காட்டுக்கு ஏறும்போது, அந்த மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் அறுந்தது. மூன்றாவது தடவைதான் ஆபத்தானது. ஓசூரிலிருந்து இரவில் மழையில் வரும்போது, லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து மோதுவதற்குப் பேர்போன தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அறுந்தது. ஸ்டீரிங் கல்லாய்ப் போய்விட்டது. விளக்கு மங்கிற்று. பிரேக்கை மிதித்தால் கட்டையை மிதிப்பதுபோல் இருந்தது. தோழர் எழுந்து நிற்பதுபோல் முழுப் பலத்தோடு பிரேக்கை அழுத்தி, வண்டியைப் பாதையோரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினார். பின்னால் வந்த லாரிக்காரர் விழித்துக் கொண்டிருந்ததனால் 8 உயிர் பிழைத்தது.

மறுநாள் காலையில் தாயார் சொன்ன வார்த்தை இது: "மூணு தடவையும் அவ வண்டியில இருந்தா."

"அவ" என்றால் யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாலியறுத்தவள் என்றால் நமது நாட்டில் அவளுக்குப் பெயர் எதற்கு?

பரிகாரம்

பிறகு நடந்தது வாசகர்கள் ஊகிக்கக் கூடியதே. மாமா ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார். ஜோசியர் வண்டியின் நம்பரைக் கூட்டினார், எட்டு வந்தது. எட்டு சனிக்குரியது என்றார். அன்றியும் மங்கலப் பிரயாணத்தில் அமங்கலி கூட வருவது தோஷம் என்றார். வண்டிக்குப் பூசை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். நான்கு சக்கரத்திற்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார்கள். முன்பக்கத்தில் பச்சைமிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்துக் கட்டினார்கள். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் செலவு. அடுத்த மாதம் குலதெய்வத்தைக் கும்பிடப் போகும் பிரயாணத்தில் தங்கையும் அவள் குழந்தையும் வரவேண்டாம் என்று முடிவாயிற்று.

நமது தோழர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. "வயதான தாயாரோடு எதற்குச் சண்டை" என்று பேசாமல் இருந்துவிட்டார். மேடையிலே சகுனத்தைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், தன் வீட்டுக் கூடத்திலே ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப்பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

குலதெய்வப் பிரயாணம் புறப்பட்டது. சித்திரை மாத நடுப்பகல். எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டு போயிற்று. தங்கை வீட்டில் இருந்தாள். 40 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் நான்காவது தடவையாகப் பெல்ட் அறுந்தது.

அதற்குப் பிறகுதான் தோழர் எனக்குச் சொல்லியனுப்பினார். நான் இன்ஜினியர் படிப்புப் படித்தவனல்ல. ஆனால் எதையும் ஏன் என்று கேட்கும் கெட்ட பழக்கம் உண்டு. நான் போனபோது அந்தத் தங்கை என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணா, பெல்ட்டுன்னா அது வண்டியில எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். சற்று நேரம் கழித்து, "ஒருவேளை என்னாலதான் இருக்குமோ?" என்றும் கேட்டாள். அவளுடைய 6 வயதுக் குழந்தை, "அம்மா வந்தா வண்டி நின்னுடுமா?" என்று கேட்டது.

தோழர்களே! மூடநம்பிக்கையின் கொடுமை செலவான 11,000 ரூபாயில் இல்லை. குற்றம் செய்யாதவளையே "நான்தான் குற்றவாளியோ" என்று நினைக்கச் செய்கிறதே, அதில்தான் இருக்கிறது. சிறைச்சாலையில் அடைக்கப்பட்டவனுக்காவது தான் நிரபராதி என்பது தெரியும். இவளுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

பெல்ட் என்பது என்ன?

பரிசீலனை செய்வதற்கு முன் சாமான் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினின் முன்பக்கத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சுற்றைப் பக்கத்தில் இருக்கும் மற்றச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவதுதான் பெல்ட்டின் வேலை. டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர் சுற்றினால்தான் மின்சாரம் உண்டாகி பேட்டரி நிரம்பும். வாட்டர் பம்ப் சுற்றினால்தான் தண்ணீர் ஓடி இன்ஜின் சூடு தணியும். ஏசி கம்ப்ரஸர் சுற்றினால்தான் வண்டிக்குள் குளிரும். ஸ்டீரிங் பம்ப் சுற்றினால்தான் ஸ்டீரிங் லேசாயிருக்கும். இவ்வளவையும் இந்த வண்டியில் ஒரே பெல்ட் சுற்றுகிறது. சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவி செய்யும் வாக்குவம் பம்ப்பும் டைனமோவின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பது மாத்திரமல்ல. சில வண்டிகளில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமலும் போகும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் கட்டையாய்ப் போனது இதனால்தான். சனியினால் அல்ல.

இந்தப் பெல்ட் ரப்பர். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படுகிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து வந்த சாமான் இது. உள்ளே உறுதியான நூற்கயிறு ஓடுகிறது. ஒழுங்காய் மாட்டப்பட்ட பெல்ட் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். அப்படிப்பட்டது மூன்று நான்கு மாதத்திற்கு ஒருமுறை அறுகிறதென்றால், பெல்ட்டுக்கு வியாதி இல்லை. பெல்ட்டை அறுக்கிறது ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பது சாதாரண புத்தி. செருப்பின் ஒரே பக்கம் திரும்பத் திரும்பத் தேய்ந்தால், செருப்பை மாற்றிக் கொண்டிருப்பவன் புத்திசாலியா, நடையைப் பார்ப்பவன் புத்திசாலியா?

ஆனால் பட்டறைக்காரர் என்ன செய்தார்? மூன்று தடவையும் புதுப் பெல்ட் போட்டார். "போன தடவை வந்தது டூப்ளிகேட்" என்றார். அடுத்த தடவையும் அதையே சொன்னார். யோசித்துப் பார்த்தால், இவருக்கும் ஜோசியருக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. காரணம் தேடாமல் பரிகாரம் மாத்திரம் செய்கிறவன் கையில் பஞ்சாங்கம் இருந்தாலென்ன, ஸ்பானர் இருந்தாலென்ன?

கேட்கப்படாத பையன்

அந்தப் பட்டறையில் வேலை செய்து, பிறகு விலகித் தனியாய்ச் சிறு வேலைகள் செய்யும் 22 வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டனுப்பினோம். அவன் வந்தவுடன் வண்டியைத் திறக்கவில்லை. "பழைய பெல்ட்டுங்க இருக்குங்களா?" என்று கேட்டான். ஒரு வருஷமாய் எவரும் கேட்காத கேள்வி இது. பழைய பெல்ட்டுகள் இருந்தன. நம் வீடுகளில் எதைத்தான் எறிகிறோம்? கொல்லையில் விறகுக்கட்டைக் கட்ட இரண்டு, வண்டிக்குள் ஒன்று, கடைசியாய் அறுந்தது ஒன்று ஆக நான்கும் கிடைத்தன. நான்கையும் திண்ணையில் வரிசையாய்ப் போட்டான். நான்கிலும் ஒரே பக்கத்து ஓரம் பிய்ந்து நூல் நூலாய்த் தொங்கிற்று. மற்றப் பக்கத்து ஓரம் புதிதாயிருந்தது.

"டூப்ளிகேட்டா இருந்தா நாலும் ஒரே பக்கம் பிய்யாதுங்க" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு தர்க்கம் இருக்கிறது பாருங்கள். தர்க்க சாஸ்திரம் படித்த பண்டிதர் எவரும் இதைவிடச் சுருக்கமாய்ச் சொல்ல முடியாது.

பிறகு புதுப் பெல்ட்டை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, கையைத் தூர வைத்துக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். கீச்சென்ற சத்தம் உடனே நின்று, சற்று நேரத்தில் திரும்பவும் வந்தது. தண்ணீர் பட்டுச் சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ச்சி. குறைந்து திரும்பி வந்தால் சக்கரம் ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது என்று விளக்கினான். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு இரும்பு அடிக்கோலைச் சக்கரங்களின் முகத்தில் ஒட்டவைத்தான். எல்லாம் ஒரே நேராய் இருந்தன. டைனமோவின் சக்கரம் மாத்திரம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்திற்குச் சாய்ந்து வெளியே நின்றது. கீழே குனிந்து பார்த்தான். டைனமோவைப் பிடித்திருக்கும் கீழ்ப் போல்ட் அதற்குரிய போல்ட் அல்ல. இரண்டு வருஷத்திற்கு முன் டைனமோவுக்குப் பேரிங் மாற்றியபோது, எவரோ நடுவில் வைக்க வேண்டிய புஷ்ஷை வைக்காமல், கையில் கிடைத்த சிறிய போல்ட்டைப் போட்டு முடுக்கி அனுப்பியிருக்கிறார். போல்ட் ஆடி ஆடி அதன் ஓட்டை முட்டை வடிவமாய்த் தேய்ந்து போயிருந்தது. டைனமோவுக்குப் பாரம் ஏறும்போதெல்லாம் அது சாய்கிறது. சாய்ந்த சக்கரம் பெல்ட்டின் ஓரத்தைக் கடிக்கிறது. கடிபட்ட பெல்ட் அறுகிறது. இவ்வளவுதான் சனி!

புஷ், போல்ட், தேய்ந்த ஓட்டையைச் சரிசெய்த கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை பட்டறைக்கு வண்டி வந்தபோதே இந்தப் பையன், "டைனமோ சாயுதுங்க" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். "உனக்கென்னடா தெரியும், பெல்ட்டை மாட்டு" என்று பதில் வந்தது. அவன் பிறந்த தெரு அப்படிப்பட்டது. நாங்கள் கூப்பிட்ட அன்றைக்கும் வீட்டில் அவனுக்குக் காகிதக் கோப்பையில் டீ வந்தது. முன்பு வந்த ஜோசியருக்கு வெள்ளி டம்ளரில் பால் போயிற்று. தெரிந்தவனுக்குக் காகிதம், தெரியாதவனுக்கு வெள்ளி. இந்த நாட்டின் சரித்திரம் பூராவும் இந்த இரண்டு பாத்திரத்தில் அடங்கிவிடும்.

மூன்று தடவையும் அவள் இருந்தாளே?

இனி தாயாரின் வாதத்தைப் பரிசீலிப்போம். அதை வெறுமனே பரிகாசம் செய்து தள்ளிவிடுவது நியாயமல்ல. அந்த அம்மாள் கண்டது பொய் அல்ல. மூன்று தடவையும் தங்கை வண்டியில் இருந்தது உண்மை. தங்கை இல்லாமல் கடைக்குச் சரக்கேற்றிய நாட்களில் பெல்ட் அறாததும் உண்மை. அப்படியானால் காரணம் என்ன?

தங்கை எந்தப் பிரயாணத்தில் வருகிறாள்? குடும்பம் பூராவும் போகும் நெடும் பிரயாணத்தில் மாத்திரமே. அப்பிரயாணத்தில் என்ன நடக்கிறது? முன்னும் பின்னும் ஏசி ஓடுகிறது. இரவானால் விளக்கு முழுவதும் எரிகிறது. மழையானால் கண்ணாடி துடைப்பானும் ஓடுகிறது. குழந்தைகளின் போன்கள் வண்டியிலேயே மின்சாரம் உறிஞ்சுகின்றன. டைனமோவின் மேல் முழுப் பாரமும் ஏறுகிறது, போல்ட் ஆடுகிறது, சக்கரம் சாய்கிறது. கடைக்கும் மண்டிக்கும் போகும் பகல் நேரச் சில்லறை ஓட்டத்தில் ஏசியும் இல்லை, விளக்கும் இல்லை. ஆகவே பெல்ட் பிழைத்துக் கொள்ளுகிறது. தங்கையும் பெல்ட்டின் பாரமும் ஒரே பிரயாணத்தில் சேர்ந்து வந்தார்கள். கூட வந்தவளைப் பிடித்துக் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். சேவல் கூவியதும் விடிகிறது என்பதற்காகச் சேவலை அறுத்துவிட்டால் விடியாமல் இருக்குமா?

தவிர, கூட இருந்தவரே காரணம் என்பது உண்மையானால், அந்தக் கணக்கையாவது நேர்மையாய்ப் போட வேண்டாமா? தங்கை இருந்தது மூன்று தடவை. நான்காவது தடவை அவள் வீட்டில் இருந்தாள். நான்கு தடவையும் வண்டியில் இருந்தவர்களில் மாமாவும் ஒருவர். ஆகவே அவர்கள் சாஸ்திரப்படியே பார்த்தால், தங்கைக்கு மூன்று மார்க்கு, மாமாவுக்கு நான்கு மார்க்கு. மாமாவை வீட்டில் நிறுத்தச் சொல்லி எந்த ஜோசியராவது சொன்னாரா? சொல்ல மாட்டார். ஏனென்றால் தட்சணை கொடுத்தவர் மாமா. அன்றியும் மாமாவும் மனைவியை இழந்தவர்தான். ஆனால் மனைவியை இழந்த ஆணுக்கு நமது சாஸ்திரத்தில் அமங்கலம் என்ற பேச்சே கிடையாது. புருஷன் செத்தால் பெண் சகுனத் தடை. பெண்டாட்டி செத்தால் ஆண் புதுமாப்பிள்ளை! இது இயந்திரத்தைப் பற்றிய நம்பிக்கையா, பெண்ணை அடக்கி வைக்கும் சூழ்ச்சியா என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மைக் காரணம் வெளியான பிறகு மாமா சொன்னது: "பூசை போட்டதனால்தான் இந்தப் பையன் கண்ணில் காரணம் பட்டது." மூடநம்பிக்கைக்குத் தோல்வி என்பதே கிடையாது. பெல்ட் அறுந்தால் தோஷம். அறாவிட்டால் பூசையின் பலன். காரணம் தெரிந்தால் கடவுள் காட்டியது. அப்படியானால், ஜோசியருக்குக் கொடுத்த தட்சணையைத் திரும்ப வாங்கிப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

படித்தவர்கள் செய்வது

"படித்தவர்களே செய்கிறார்களே, விஞ்ஞானிகளே ராக்கெட் விடுவதற்கு முன் திருப்பதிக்குப் போகிறார்களே" என்று கேட்பார்கள். உண்மைதான். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முன் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டார்கள். வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் இறங்குகலம் நிலவில் விழுந்து நொறுங்கிய பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். யாருடைய சகுனம் என்று தேடவில்லை. என்ன பிசகு என்று கணக்கெடுத்தார்கள். காலை உறுதியாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை அகலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி அது பத்திரமாய் இறங்கிற்று. கும்பிட்டது அவர்கள் பலவீனம்; திருத்தியது அவர்கள் அறிவு. நிலவில் இறங்கியது அறிவுதான்.

1986 ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 2 பெண்கள். அந்தப் பெண்களின் ஜாதகத்தை எவரும் கேட்கவில்லை. விசாரணையில் ரிச்சர்ட் பைன்மன் என்ற பௌதிக ஆசிரியர் ஒரு சிறு ரப்பர்த் துண்டை இடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். குளிரில் ரப்பர் தன் மீளும் சக்தியை இழந்துவிட்டது. ரப்பர் வளையந்தான் காரணம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அங்கேயும் ஒரு கொடுமை. இந்தக் குளிரில் ஏவக்கூடாது என்று முதல் நாள் இரவே சில இன்ஜினியர்கள் சொல்லியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. "உனக்கென்னடா தெரியும், பெல்ட்டை மாட்டு" என்பது சேலத்துப் பட்டறையில் மாத்திரம் கேட்கும் வார்த்தை அல்ல.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையின் தாயிச்சி ஓனோ என்பவர் 1978-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரு இயந்திரம் நின்றால் ஐந்து தடவை "ஏன்" என்று கேட்க வேண்டும் என்கிறார். இயந்திரம் ஏன் நின்றது? பியூஸ் போயிற்று. ஏன் போயிற்று? பேரிங்கிற்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்ப் சரியாய் இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போயிற்று. முதல் ஏனோடு நின்றவன் பியூஸை மாற்றிக்கொண்டே இருப்பான். ஐந்தாவது ஏன் வரை போனவன் ஒரு வடிகட்டியைப் போட்டு வேலையை முடிப்பான். பகுத்தறிவு என்பது வேறொன்றுமல்ல; இந்த ஐந்தாவது "ஏன்" வரை அலுக்காமல் போவதுதான். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976-ல் நமது அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் வண்டியில் தொங்குகிறது.

நமது குற்றம்

இப்போது நமது தோழரிடம் வருவோம். தாயாரைக் குற்றம் சொல்லுவது சுலபம். அந்த அம்மாளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவர் இளமையில் கேட்டதெல்லாம் சகுனமும் தீட்டுந்தான். ஆனால் தோழருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பேசாமலிருந்தார். 1856-லேயே விதவை மறுமணத்திற்குச் சட்டம் வந்துவிட்டது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு விதவை மணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் தீர்மானமாகவே போட்டது. பெரியார் தன் தங்கையின் மகள் குழந்தைப் பருவத்தில் விதவையானபோது, உற்றாரை எதிர்த்துக்கொண்டு அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார். இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வேன் கதவை மூடும்போது, "என் தங்கை ஏறாத வண்டியில் நானும் ஏற மாட்டேன்" என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

தோழர் இதை என்னிடம் ஒப்புக் கொண்டார். தங்கையிடமும் ஒப்புக்கொண்டார். இவ்விஷயத்தை எழுதச் சொன்னவரும் அவரே.

மேடைக்கு ஒரு புத்தி, வீட்டுக்கு ஒரு புத்தி என்று வைத்திருக்கிறவன் சாய்ந்த சக்கரம் போன்றவன். அவன் மேல் எவ்வளவு நல்ல கொள்கையை மாட்டினாலும் கொள்கைதான் அறும். நாம் சட்டத்தை மாற்றினோம், ஆட்சியை மாற்றினோம், பெயரை மாற்றினோம். சாதியும் பெண்ணடிமையும் என்ற தேய்ந்த ஓட்டையைத் தொடாமல் வைத்துக்கொண்டு, புதுப்பெல்ட்டு ஒவ்வொன்றாய் ஏன் அறுகிறது என்று ஆச்சரியப்படுவதில் என்ன பிரயோஜனம்?

முடிவாக, வேன் வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. பெல்ட் அடிக்கடி அறுந்தால் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் பிய்ந்திருக்கிறது, எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்கள் நேராய் நிற்கின்றனவா, பேரிங் கரகரக்கிறதா, டென்ஷனர் தளர்ந்திருக்கிறதா என்று பட்டறையில் கேளுங்கள். கீச்சென்றால் சோப்பும் மெழுகும் தடவி அதன் வாயை அடைக்காதீர்கள். அது உங்களுக்குச் செய்தி சொல்லுகிறது. ஓடும்போது பேட்டரி விளக்கு சிவந்து ஸ்டீரிங் கனத்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்; சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடுங்கள்.

வண்டி பிறகு ஏற்காட்டுக்கும் ஓசூருக்கும் போய் வந்தது. 8 பேரும் போனார்கள். தங்கை முன் ஆசனத்தில் உட்கார்ந்தாள். தாயார் தொப்பூர் இறக்கம் முடியும்வரை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார் என்று தோழர் சொன்னார். இறக்கம் முடிந்ததும் விட்டுவிட்டாராம். எழுபது வருஷத்துப் பயம் 650 ரூபாயில் போய்விடாது. ஆனால் போக ஆரம்பித்திருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து அந்தப் பெல்ட்டின் ஓரத்தைப் பார்ப்பது தங்கையின் வேலை. பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

உங்கள் வீட்டு வண்டியில் இடமிருந்தும் ஏற்றப்படாதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவரை ஏற்றாததற்கு என்ன காரணம் சொல்லுகிறீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பிறகு ஐந்து தடவை "ஏன்" என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்.